நேரம் எழுதாத சீட்டு

நான் கோபக்காரி என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். தப்பு செய்கிறவர்களைப் பார்த்தால் மட்டும்தான் எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்டவர்கள் எங்கள் பட்டறையில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் பெயர் தாட்சாயிணி. ஊர் நூம்பல். பத்தொன்பது வருஷமாக ஒரு நிக்கல் முலாம் பட்டறையில் லேப் பார்க்கிறேன். லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு சிங்க், நாலைந்து கண்ணாடிக் குடுவை, நான். பைக்குக்கான உதிரிபாகங்கள் கறுப்பும் துருவுமாக வரும். அவற்றை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுத்து, தண்ணீரில் அலசி, நிக்கல் தொட்டியில் இறக்கினால் பளபளவென்று வெளியே வரும். ஒவ்வொரு தொட்டியையும் காலையில் சோதித்து அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டுவது என் வேலை. சீட்டில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அமிலம் எவ்வளவு, இரண்டாவதில் எத்தனை நொடி முக்கலாம், மூன்றாவதில் என் கையெழுத்து.

அலசுகிற தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் நடுக் கட்டத்தைக் காலியாக விடுவேன். காலி என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். ஆசிட் தொட்டியில் பத்து நொடி அதிகமாக ஊறினால் துருவோடு இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்படி யாராவது விட்டுவிட்டால் நான் போடுகிற சத்தம் அடுத்த ஷெட் வரைக்கும் கேட்கும்.

சைனம்பு எங்கள் பட்டறையில் கொக்கியில் பாகங்களை மாட்டுகிறவள். முப்பத்தொன்பது வயது. புருஷன் தவறி ஆறு வருஷம் ஆகிறது. ரூஹி என்று ஒரு மகள், காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். பூந்தமல்லியில் அம்மா வீட்டோடு இருக்கிறாள் சைனம்பு. காலையில் வேலப்பன்சாவடி வரை பஸ்ஸில் வருவாள், அங்கிருந்து என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வாள். ஏழு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். என் திட்டுக்கு அழாத ஒரே ஆள் என்பதால் எனக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

அவளுடைய இரண்டு கன்னத்திலும் மங்கு உண்டு. ரூஹி பிறந்த பிறகு வந்த கருமை. பதினெட்டு வருஷமாக அதை அவள் கண்டுகொண்டதே இல்லை. பவுடர்கூடப் போட மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, ரூஹி போன்ல ஆர்டர் போட்டு வாங்கிச்சு. மொகத்துக்கு தடவுற தண்ணியாம். ஆசிட்டுன்னு எழுதிகீது. பயமா கீது, நீ பாத்து சொல்லு" என்றாள்.

முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் பாட்டில். டோனர் என்று போட்டிருந்தது. கிளைகோலிக் ஆசிட், ஏழு சதவீதம். எனக்குக் கை பரபரத்தது. பத்தொன்பது வருஷமாக அதே நாலு தொட்டியைச் சோதித்துச் சலித்துப்போனவள் நான். புதிதாக ஒரு ஆசிட் தானாகத் தேடி வந்திருக்கிறது, விடுவேனா?

சோதனைத் தாளைக் கிழித்து ஒரு சொட்டு விட்டேன். ஆரஞ்சாக மாறியது. பி.ஹெச். மூன்றரை. இந்த எண் குறையக் குறையத்தான் அமிலம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? என் டிபன் பாக்ஸிலிருந்த ரசத்தில் ஒரு தாளை முக்கினேன். ஏறக்குறைய அதே நிறம். எலுமிச்சை ஊறுகாயை வைத்தால் அது இன்னும் சிவந்து இரண்டரைக்குப் போனது. அதற்குள் ஆளாளுக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி மோர், ஒருத்தி புளிக்குழம்பு. ஆசிட் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற வேம்புலி எட்டிப் பார்த்து, மூஞ்சிக்கே முலாம் பூசப் போகிறாயா சைனம்பு என்று கேட்டுவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் தொட்டியில் இருப்பது தோலை உரிக்கிற ஆசிட், இதுவோ வெறும் ரசம். அப்படியே தீர்ப்பும் சொன்னேன்.

"இது ரசம்டீ. பயப்படாம தடவு."

சொன்னதோடு விட்டேனா? மேஜையில் சீட்டுக் கட்டு இருந்தது. விளையாட்டாக ஒன்றை எடுத்து முதல் கட்டத்தில் மூன்றரை என்று எழுதி, மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பாட்டிலின் பின்பக்கத்தில் ஒட்டினேன். முன்பக்கம் பெயர் இருந்தது, பின்பக்கம் என்னவோ பொடி எழுத்து. அந்தப் பொடி எழுத்தின் மேலேயே ஒட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். சைனம்பு சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கித் துப்பட்டா முனையால் துடைத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை திரும்பும்போது என்னால் சும்மா வர முடியவில்லை. பதினெட்டு வருஷமாக இல்லாத அக்கறை இப்போது ஏன்? ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே கேட்டேன். சும்மாதான் என்றாள். கல்யாணம் ஏதாவது வருகிறதா என்றேன். இல்லை என்றாள். ரூஹியைப் பெண் பார்க்க வருகிறார்களா என்றேன். படிக்கிற பெண்ணைப் போய் யார் பார்க்க வருவார்கள் என்று என்னையே மடக்கினாள். வானகரம் தாண்டியும் விஷயம் வெளியே வரவில்லை. ஒருவர் என்னிடம் ஒன்றை மறைக்கிறார் என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த இரண்டு மூன்று நாளும் விதம்விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல், அப்புறம் லீவு. அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் அவளை மறுபடி வேலப்பன்சாவடியில் பார்த்தேன். துப்பட்டாவை மூக்கு வரைக்கும் இழுத்துச் சுற்றியிருந்தாள். தூசிக்கு என்று நினைத்துக்கொண்டேன். பட்டறை வாசலில் இறங்கித்தான் அவள் துப்பட்டாவை எடுத்தாள். இரண்டு கன்னமும் சிவந்து, மெல்லிய தோலாக உரிந்து, வாய் ஓரத்தில் வெடித்திருந்தது. மங்கு இருந்த இடம் முன்பைவிடக் கறுத்திருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவளை லேப்புக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். எத்தனை தடவை தடவினாய் என்று கேட்டேன். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்றாள். எத்தனை நாள் என்றேன். அன்றையிலிருந்து தினமும் என்றாள். எவ்வளவு ஊற்றினாய் என்றேன். பஞ்சு நன்றாக நனைகிற அளவு என்றாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தாளாம், அதனால் எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தடவினாளாம்.

"எவ சொன்னா உன்னிய மூணு வேளையும் தடவச் சொல்லி?" என்று கத்தினேன்.

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். நான் ஒட்டிய சீட்டு. முதல் கட்டத்தில் மூன்றரை, மூன்றாவதில் என் கையெழுத்து. நடுக் கட்டம் காலி.

"நேரம் போடலியேக்கா நீ. எவ்ளோ வேணா வெக்கலாம்னு தானே அர்த்தம்" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. எங்கள் பட்டறைச் சட்டத்தை எனக்கே நினைவுபடுத்துகிறவள் மாதிரிதான் சொன்னாள். ரூஹி முதல் நாளே சொல்லியிருக்கிறாள், ராத்திரி மட்டும் தடவு, தினமும் வேண்டாம் என்று. லேப் அக்காவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நீ என்ன சொல்வது என்று மகளின் வாயை அடைத்திருக்கிறாள் இவள்.

நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டி எடுத்தேன். அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். இரவில் மட்டும் உபயோகிக்கவும். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு முறை. முதலில் கை மடிப்பில் தடவிப் பார்க்கவும். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். எரிச்சல் தொடர்ந்தால் நிறுத்தவும். எல்லாம் தெளிவாக எழுதித்தான் இருந்தது. கெமிஸ்ட்ரி படித்த நான் அதன் மேல் என் கையெழுத்தை ஒட்டி மூடியிருந்தேன்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தச் சீட்டைக் கசக்கி சிங்க்கில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இரண்டு பேருக்கும் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு அவளைப் பூந்தமல்லிக்கே கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் காரணம் கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன்.

தோல் டாக்டர் காவ்யா சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். முகத்தை விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கையில் எடுத்து, இதில் ஒரு குறையும் இல்லையே, நல்ல டோனர்தான் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், ரசத்தின் அளவுதான் இருந்தது என்று என் மேதாவித்தனத்தை அங்கேயும் கடை விரித்தேன்.

"ரசத்தை ராத்திரி பூரா கன்னத்துல ஊற வெப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள் டாக்டர். அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். நான் அளந்தது பாதிதானாம். அமிலம் எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம் தோலில் தங்குகிறது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை தடவுகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் கணக்கு. இந்த அமிலத்தின் மூலக்கூறு ரொம்பச் சின்னது, சட்டென்று தோலுக்குள் இறங்கும். மேலே இருக்கிற செத்த தோலை மெல்லத் தளர்த்தி எடுப்பதுதான் அதன் வேலை. தினம் மூன்று தடவை போட்டால் செத்தது தீர்ந்து உயிருள்ளதைப் பிடிக்கும். தளர்ந்த தோலோடு வெயிலில் போனால் கருமை குறைவதற்குப் பதிலாக ஏறும். சைனம்பு தினமும் காலையில் முக்கால் மணி நேரம் என் ஸ்கூட்டரில் கிழக்கே பார்த்துத்தான் வருகிறாள்.

நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எனக்கு அது ஒரு வியாதி. தடவிவிட்டுக் கழுவ வேண்டுமா? இந்த டோனரைக் கழுவ வேண்டாம், காய்ந்ததும் சாதாரண மாய்ஸ்சரைசர் போட்டால் போதும். எலுமிச்சை, ஸ்க்ரப், வேறு ஆசிட் க்ரீம் எல்லாம் அதே ராத்திரியில் கூடாதா? கூடவே கூடாது. மஞ்சள்? முகம் ஆறுகிற வரைக்கும் அதுவும் வேண்டாம். த்ரெடிங், வாக்ஸிங்? அதற்கு முன்னும் பின்னும் சில நாள் டோனரை நிறுத்த வேண்டும். மறுபடி இதைத் தொடலாமா? முழுசாக ஆறி, அதற்கப்புறமும் சில வாரம் விட்டு, கை மடிப்பில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு, வாரம் ஒரு ராத்திரி மட்டும். மங்குக்கு இதெல்லாம்விடப் பெரிய வைத்தியம் வெயிலில் முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான் என்றாள். இப்போதைக்கு மிதமான க்ரீம் ஒன்று, சன்ஸ்கிரீன் ஒன்று, வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பவுடர்கூட வேண்டாம்.

அதுவரைக்கும் வாயே திறக்காத சைனம்பு அப்போதுதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடுமா?

இன்னும் மூன்றே நாள். சிவப்பு கொஞ்சம் குறையும், தோல் உரிவது நிற்காது, கருமை மங்க மாதக்கணக்கு ஆகும் என்றாள் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்ன என்று கேட்டாள்.

சைனம்பு என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "பொண்ணு பாக்க வராங்க."

"உங்க பொண்ணையா?"

"என்னிய."

வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் அன்வர் பாஷா. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மனைவி தவறி நாலு வருஷம். ரூஹிதான் முதலில் பேச்சை எடுத்தாளாம், நான் கல்யாணமாகிப் போய்விட்டால் நீ தனியாக என்ன செய்வாய் என்று. அம்மாவுக்கும் சம்மதம், தம்பி முஸ்தகீமுக்கும் சம்மதம். இவளுக்குத்தான் வெட்கம். என்னிடம் சொன்னால் நான் கிண்டல் செய்வேன் என்று சொல்லவில்லையாம். செய்திருப்பேன்தான். மருந்துக்கடைக்காரர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் அழுதுவிட்டேன். என் திட்டுக்கு அழாதவள் என் அழுகைக்கு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டறையில் எல்லாரையும் நிற்க வைத்து, சுரண்டி எடுத்த சீட்டைக் காட்டி, சைனம்பு முகத்துக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். வேம்புலி மட்டும், யாருக்கும்மா தப்பு வராது என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதைவிட அவர்கள் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சைனம்புவின் அம்மா நாளைத் தள்ளிப்போடலாம் என்றார். முஸ்தகீம் முகத்துக்குக் கொஞ்சம் மேக்கப் போடலாம் என்றான். சைனம்பு இரண்டுக்கும் மறுத்துவிட்டாள். டாக்டர் கொடுத்த க்ரீமைத் தவிர ஒன்றும் தடவாமல், நீலச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். பார்க்க வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வதற்கென்றே நானும் போயிருந்தேன். இந்த இடம் என்னால் தவறிப்போனால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த ஒரு நினைப்பில் முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அன்வர் பாஷா ஒல்லியாக, அடர்ந்த தாடியோடு இருந்தார். கூட அவருடைய அக்கா. அந்த அம்மாள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, முகத்தில் என்ன என்று கேட்டுவிட்டார். ரூஹி என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல..." என்று சைனம்பு ஆரம்பித்தாள். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வெயில் இல்லை, நான் என்றேன். பாட்டில், ரசம், சீட்டு, காலிக் கட்டம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இவள் என்னை நம்பினாள், அதைத் தவிர இவள் பேரில் ஒரு தப்பும் இல்லை, இந்த முகம் இப்படியே இருக்காது, டாக்டர் சொல்லியிருக்கிறார், வேண்டுமானால் சீட்டைக் காட்டுகிறேன் என்று கைப்பையைத் திறந்தேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எத்தனை மாதம் ஆகுமாம், தழும்பு நிற்குமா என்று அவர் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அன்வர் பாஷா என்னையும் பார்க்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சைனம்புவிடம் கேட்டார்.

"வலிக்குதா?"

எனக்குச் சுரீர் என்றது. எத்தனை தடவை என்று கேட்டேன், எத்தனை நாள் என்று கேட்டேன், எவ்வளவு என்று கேட்டேன். டாக்டரிடம் இருபது கேள்வி கேட்டேன். ஏழு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவளிடம் இந்த ஒன்றை நான் கேட்கவே இல்லை.

சைனம்பு முதலில் இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் அவள் கண் நிறைந்துவிட்டது.

"பேசுனா வலிக்குது" என்றாள். வெடித்திருந்த வாய் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப நீங்க பேசாதீங்க" என்றார் அவர். "இன்னிக்கு நான் பேசுறேன், கேட்டுகினு இருங்க. ஆறுனப்பறம் நீங்க பேசுங்க. நான் வந்து கேக்குறேன்."